மாலத்தீவில் ஆங்கில ஆசிரியர்: முதல் மூன்று மாதம்

திண்டுக்கல் பக்கம் எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்துவிட்டு, தனியார் மெட்ரிக் பள்ளிச் சம்பளத்தில் காலம் தள்ளிக்கொண்டு, டெட் தேர்வுக்கும் டி.ஆர்.பி. அறிவிப்புக்கும் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு மாலத்தீவு ஒரு நல்ல வழி. பக்கத்து நாடு, திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. அங்கே பள்ளிகளில் இஸ்லாமும் திவேஹி மொழியும் தவிர மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. 1960களின் தொடக்கத்தில் மாலேயின் மஜீதியா, அமீனியா பள்ளிகளில் ஆங்கிலவழி வந்த காலம்தொட்டு வெளிநாட்டு ஆசிரியர் இல்லாமல் அந்த நாட்டுப் பள்ளிகள் ஓடியதில்லை. முதலில் இலங்கையர் போனார்கள். பிறகு இந்தியர்கள், அதிலும் கேரளத்தாரும் நம்மவரும்.

வேலை வாங்குவது எப்படி என்று சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. போய் இறங்கிய பிறகு எப்படி வாழ்வது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. ஒப்பந்தம் முடியுமுன்பே மூட்டை கட்டியவர்களை விசாரித்துப் பாருங்கள். பாடம் நடத்த வரவில்லை என்று திரும்பியவர் அபூர்வம். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, ஊருக்குப் பணம் அனுப்ப முடியவில்லை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பொழுது போகவில்லை என்பவைதான் காரணங்களாக இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் ஊரிலேயே பாதித் தயாரிப்பு செய்துகொள்ள முடியும்.

கையெழுத்துப் போடுமுன்

காகித வேலையை முதலில் முடித்துவிடுவோம். நம் பகுதியில் பட்டம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்தும், பி.எட். சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்திலிருந்தும் வரும். இரண்டுக்கும் தற்காலிகச் சான்றிதழை வைத்துக்கொண்டு காலம் ஓட்டியிருப்பீர்கள். பட்டச் சான்றிதழையே வாங்கி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம் என்ற வரிசையில் சான்றொப்பம் போட்டு வையுங்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகும்; வேலை உத்தரவு வந்த பிறகு ஓடினால் நேரம் பற்றாது. போலீஸ் சரிபார்ப்புச் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா வழியாக விண்ணப்பிக்கலாம். திண்டுக்கல்லுக்கு மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம்.

ஏஜென்ட் மூலம் போவதாக இருந்தால், அவர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்றவரா என்று பாருங்கள். பதிவுபெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு ரூ. 30,000-மும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு இருக்கிறது. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் பேச்சை நீட்டாதீர்கள். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது, சென்னையில் இருக்கிறது. ஒரு போன் செய்து விசாரித்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை. மாலத்தீவுக் கல்வி அமைச்சகத்தின் தளத்தையும் நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. இந்தியருக்கு மாலேயில் இறங்கியதும் சுற்றுலா அனுமதி இலவசமாகக் கிடைக்கும். “அதில் இறங்குங்கள், வேலை அனுமதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் கிளம்பாதீர்கள். வேலைக்கான ஒப்புதல் கடிதம் கையில் இருக்க வேண்டும். அதில் உள்ள பெயர், பள்ளி, தீவு ஆகியவை உங்கள் ஒப்பந்தத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒப்பந்தத்தில் சம்பளத் தொகையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அதைவிட முக்கியமான கேள்விகள் சில உண்டு. சம்பளம் ருஃபியாவிலா, டாலரிலா? வீடு பள்ளி தருமா, வாடகைப்படியா? தனி அறையா, பகிர்ந்துகொள்ளும் அறையா? விடுமுறைக்கு ஊர் வந்துபோக டிக்கெட் உண்டா? பாதியில் விலகினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? எல்லாவற்றுக்கும் பதில் எழுத்தில் வேண்டும்.

பெட்டியில் என்ன இருக்கலாம்

சாமி சிலை, மது, பன்றி இறைச்சி மூன்றும் கூடாது. மாலே விமான நிலையத்தில் எல்லாப் பெட்டியும் ஸ்கேனர் வழியாகத்தான் போகும். அம்மா ஆசையாகக் கொடுத்த சின்னப் பிள்ளையாரை அங்கே பறிகொடுப்பது மனதுக்குக் கஷ்டம். வீட்டிலேயே சொல்லிப் புரியவைத்துவிடுங்கள். தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி மாத்திரையோடு வையுங்கள். தூக்க மாத்திரை, வலி மாத்திரை, இருமல் மருந்து வகையில் கட்டுப்பாடு அதிகம்.

பிளக் பாயின்ட் பெரும்பாலும் சதுர முனை மூன்று கொண்ட பிரிட்டிஷ் வகை. நம் மிக்சியும் லேப்டாப் சார்ஜரும் அதில் நுழையா. அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்னக் குக்கர், இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, புளி, ஒரு கிலோ சீரக சம்பா. திண்டுக்கல்காரருக்குச் சீரக சம்பா ஆடம்பரம் அல்ல, முதல் மாதத்து மருந்து. ஆனால் வெளித் தீவுக்கு உள்நாட்டு விமானத்தில் போக வேண்டியிருந்தால் அதில் சுமைக்கு அளவு குறைவு. பள்ளியில் கேட்டுக்கொண்டு பெட்டி கட்டுங்கள்.

உடை விஷயத்தில் பள்ளிக்குப் பள்ளி வழக்கம் உண்டு. ஆண்களுக்குப் பல இடங்களில் டை கட்டாயம். பெண்கள் சேலையோ, முழங்கைக்குக் கீழே இறங்கும் கையுள்ள சுடிதாரோ உடுத்தினால் சங்கடமில்லை. வருஷம் முழுக்கப் புழுக்கம் என்பதால் சின்னாளபட்டி காட்டன் சேலை நான்கு எடுத்துப் போனால், அங்கே பட்டும் சிந்தெடிக்கும் கட்டியவர்கள் உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள்.

கடல் என்னும் பஸ் ரோடு

திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவருக்குக் கடல் என்றால் ராமேஸ்வரத்துக்கோ திருச்செந்தூருக்கோ போனபோது கால் நனைத்த இடம். அங்கே அதுதான் பஸ் ரோடு. மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள். ஆள் வசிப்பவை 200-க்கும் குறைவு. அவை வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றன. “மாலத்தீவில் வேலை” என்று ஊரில் சொல்லும்போது எல்லாரும் மாலேயைத்தான் நினைக்கிறார்கள். உங்கள் பள்ளி மாலேயிலிருந்து உள்நாட்டு விமானமும், அதற்கு மேல் ஸ்பீட் போட்டும் ஏறிப் போக வேண்டிய ஒரு தீவில் இருக்கலாம். வேலை உத்தரவில் தீவின் பெயரைப் பார்த்ததும் வரைபடத்தில் தேடுங்கள். பக்கத்து விமான நிலையம் எது, படகு வாரத்தில் எத்தனை நாள், ஆஸ்பத்திரி எந்தத் தீவில் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கடல் கொந்தளிக்கும், படகு ரத்தாகும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அமைதி. ஊருக்கு வரும் விமானத்துக்கும் தீவிலிருந்து கிளம்பும் படகுக்கும் நடுவில் மழைக்காலத்தில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். படகில் பின்பக்கம் உட்கார்ந்தால் குலுக்கல் குறையும். வெறும் வயிற்றிலும் ஏறக் கூடாது, வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏறக் கூடாது.

சமையலும் தண்ணீரும்

தீவில் காய்கறி என்பது மாலேயிலிருந்து சரக்குப் படகு வரும் நாளில் கிடைப்பது. மாலேக்கே அது இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்தான் வருகிறது. தூத்துக்குடித் தோணிகள் தலைமுறைகளாக மாலே போய் வருகின்றன. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகப் பார்த்த தக்காளியும் கத்தரிக்காயும் அங்கே எண்ணி வாங்கும் பொருட்கள். படகு வரும் நாளைத் தெரிந்துகொண்டு அன்றைக்கே கடைக்குப் போய்விட வேண்டும். மறுநாள் போனால் வாடியதுதான் இருக்கும்.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தீவில் இருப்பதையும் பாருங்கள். முருங்கை மரம் வீட்டுக்கு வீடு நிற்கும். கீரை கேட்டால் காசு வாங்காமல் ஒடித்துத் தருவார்கள். கறிவேப்பிலை, பப்பாளி, தேங்காய்க்குக் குறைவில்லை. அரிசி, மாவு, சர்க்கரை மூன்றும் அரசு மானியத்தில் மலிவாகக் கிடைக்கும். பருப்பு எல்லாக் கடையிலும் உண்டு. மீனில் சூரைதான் ராஜா. நம் ஊரில் காமராஜர் அணை மீனும் ஏரிக் கெண்டையும் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு சூரை முதலில் கறி மாதிரி கெட்டியாகத் தெரியும். துண்டை உப்பு, மஞ்சள், மிளகுத்தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, சின்ன வெங்காயம் இல்லாவிட்டால் பெரிய வெங்காயத்தையே நிறைய வதக்கி, புளியைக் கொஞ்சம் கூட்டிக் குழம்பு வைத்தால் இறங்கிவிடும். காலையில் அவர்கள் சாப்பிடும் மாஸ் ஹுனி, தேங்காய்த் துருவலும் சூரையும் வெங்காயமும் எலுமிச்சையும் பிசைந்தது, ரொட்டியோடு வரும். நான் சொல்வேன், முதல் வாரத்திலேயே சாப்பிட்டுப் பாருங்கள். நம் நாக்குக்கு அந்நியமான ருசி அல்ல. சக ஆசிரியர் கொண்டுவந்த டப்பாவில் கை வைத்துச் சாப்பிடும் டீச்சரை அந்த ஊர் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் போகலாமா? போகலாம். ஆனால் தானே சமைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். டீக்கடைப் பலகாரம் பெரும்பாலும் உள்ளே மீன் வைத்ததாகத்தான் இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல் தெருக்களில் குடம் வரிசை வைத்து வளர்ந்தவர்கள் நாம். தீவில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கலந்தது, குளிக்க மட்டும். குடிக்க மழைநீர்த் தொட்டி, அல்லது கடல்நீரைச் சுத்திகரித்த குழாய்த் தண்ணீர், அல்லது பாட்டில். 2014 டிசம்பரில் மாலேயின் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்துத் தலைநகரமே தண்ணீரின்றித் தவித்தபோது இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. அறையில் எப்போதும் இரண்டு நாளுக்கான குடிநீர் இருக்கட்டும்.

வகுப்பில் எதிர்பாராதது

ஞாயிறு முதல் வியாழன் வரை பள்ளி. வெள்ளியும் சனியும் விடுமுறை. கடிகாரம் நம்மைவிட அரை மணி நேரம் பின்னால். ஊரில் எல்லாரும் கூடி உட்கார்ந்து போன் போடும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் வகுப்பில் நின்றுகொண்டிருப்பீர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விடுமுறை இல்லை. வெள்ளிக்கிழமைதான் உங்கள் ஞாயிறு என்று வீட்டுக்குக் கிளம்பும்போதே சொல்லி வையுங்கள். போனை எடுக்கவில்லை என்ற வருத்தமே பாதி ஊர் ஏக்கத்துக்குக் காரணம்.

இனி பாடம். நம் பள்ளிகளில் எழுத வரும், பேச வராது. அங்கே நேர் எதிர். கார்ட்டூன், யூடியூப், சுற்றுலாத் தொழில் எல்லாம் சேர்ந்து பிள்ளைகள் மளமளவென்று ஆங்கிலம் பேசுவார்கள். எழுதச் சொன்னால் பேனா நகராது. முதல் நாள் வகுப்பில் அவர்கள் வேகத்தைப் பார்த்து, “நான் என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறேன்?” என்று திகைத்துப்போகாதீர்கள். ஒரு பத்தி எழுதச் சொல்லி வாங்கிப் பாருங்கள், உங்கள் வேலை எங்கே என்று தெரிந்துவிடும். கீழ் வகுப்பு கிடைத்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். திவேஹியின் தானா எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவது. காலை ஒரு பீரியடில் வலப்பக்கத்திலிருந்து எழுதிய குழந்தை, அடுத்த பீரியடில் உங்களிடம் இடப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். நோட்டைப் பின்பக்கமிருந்து திறந்தாலோ, வரியின் தவறான முனையில் பென்சிலை வைத்தாலோ அதட்டாதீர்கள். வரியின் தொடக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துக் கொடுங்கள், அங்கிருந்து பிடித்துக்கொள்ளும்.

மேல் வகுப்பில் கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு. வரிக்கு வரி விளக்கி, கைடு வாங்கி, கேள்வி பதில் எழுதிப்போடும் நம் பழக்கம் அதில் எடுபடாது. பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும், ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் எழுத வேண்டும், யாருக்கு எழுதுகிறோம் என்பதற்கேற்ப நடையை மாற்ற வேண்டும். பழைய வினாத்தாள்களும் மதிப்பெண் வழங்கும் முறையும் கேம்பிரிட்ஜ் தளத்திலேயே கிடைக்கின்றன. விமானம் ஏறுமுன் பத்துத் தாள்களை நீங்களே எழுதி, நீங்களே திருத்திப் பாருங்கள். இந்த ஒரு பயிற்சிக்கு ஈடு வேறு எதுவும் இல்லை.

கை நீட்டவே கூடாது. அங்கே 2019-இல் இயற்றிய குழந்தை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. நம் நாட்டிலும் 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கத்தான் செய்கிறது. காதைத் திருகுவது, முட்டி போட வைப்பது எல்லாம் நம் பள்ளியில் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். அங்கே அன்று மாலைக்குள் பெற்றோரின் வைபர் குழுவில் வந்து, மறுநாள் தலைமையாசிரியர் மேசையில் நிற்கும்.

தீவு முழுதும் வகுப்பறை

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. பல தீவுகளை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம். கடையில் நிற்பவர் உங்கள் மாணவரின் அப்பா, படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர் அவருடைய அண்ணன், சுகாதார நிலையத்து நர்ஸ் அவருடைய சித்தி. நீங்கள் யாருடன் நடந்தீர்கள், எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தீர்கள் என்பது வரைக்கும் தெரிந்திருக்கும். நகரத்தில் படித்த இளைஞர்களுக்கு இது மூச்சு முட்டும். ஆனால் நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் படித்தவருக்கு இது தெரிந்த உலகம்தான். டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊரே பார்க்கும் அல்லவா, அதே பார்வைதான். அந்தப் பார்வையில் சந்தேகத்தைவிட உரிமை அதிகம். அதைப் புரிந்துகொண்டவர்கள் நிலைக்கிறார்கள்.

பெயர் சொல்லிச் சிரித்து நலம் விசாரியுங்கள். திவேஹியில் “ஹாலு கிஹினே?” என்று கேட்டாலே முகம் மலரும். தொழுகை நேரத்தில் கடை அடைப்பார்கள், கதவைத் தட்டாதீர்கள். ரமலானில் பகலில் வெளியே நின்று தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். பேகம்பூர் பக்கம் நண்பர்கள் வீட்டு நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்த மாதம் அந்நியமாக இருக்காது. நோன்பு திறக்கக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். மதம் பற்றி வகுப்பிலும் வெளியிலும் விவாதம் வேண்டாம். வேறு மதத்தைப் பரப்புவது அங்கே சட்டப்படி குற்றம். உங்கள் வழிபாடு உங்கள் அறைக்குள் இருக்கட்டும். உள்ளூர் அரசியல் பேச்சும் நமக்கு வேண்டாத வேலை.

சாயங்காலத்துக்கு ஏதாவது ஒன்றை இறங்கிய முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். வாலிபால், பேட்மின்டன், கடலோர நடை, மீன்பிடி என்று எதுவானாலும் சரி. தமிழ் ஆசிரியர்கள் நான்கு பேர் ஒரே வீட்டில் இருந்தால் அது பெரிய பலம். ஆனால் பள்ளி விட்டதும் அந்த வீட்டுக்குள்ளேயே போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஊர் சீரியல் பார்த்துக்கொண்டே வருஷத்தை ஓட்டிவிட்டால் தீவு கடைசிவரை அந்நியமாகவே இருந்துவிடும்.

உடம்புக்கு ஏதாவது வந்தால் தீவில் சுகாதார நிலையம் இருக்கும். பெரிய சிகிச்சைக்கு மாலேயில் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை. இந்தியா கட்டிக் கொடுத்தது, 1995-இல் திறந்தார்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டை உங்கள் கைக்கு வந்துவிட்டதா என்று கேட்டு வாங்குங்கள். மாலேயிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள்.

பணம்

ருஃபியாவின் மதிப்பு அரசுக் கணக்கில் ஒரு டாலருக்கு 15.42 என்ற உச்சத்தில் 2011 முதல் நிற்கிறது. ஆனால் வங்கியில் அந்த விலைக்கு வேண்டிய டாலர் கிடைப்பதில்லை. இதுதான் அங்கே வேலை பார்க்கும் இந்தியர்களின் பெரிய தலைவலி. நம் ஸ்டேட் பேங்க் 1974 முதல் மாலேயில் இருக்கிறது. பெரும்பாலான இந்தியர்கள் அதன் வழியாகத்தான் அனுப்புகிறார்கள். மாதம் இவ்வளவு டாலர்தான் என்று வரம்பு உண்டு, அது அண்மையில் குறைக்கப்பட்டும் இருக்கிறது. கிளம்புமுன் அங்கே இப்போது வேலை பார்க்கும் ஒருவரிடம் இன்றைய வரம்பு என்ன என்று கேளுங்கள். சம்பளத்தை இந்திய ரூபாயில் பெருக்கிப் பார்த்து மகிழ்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. டாலரில் சம்பளம் தரும் ஒப்பந்தம் கிடைத்தால் தொகை கொஞ்சம் குறைந்தாலும் அதுவே மேல். கைமாற்றாகப் பணம் அனுப்பித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். சட்டவிரோதம், பணம் போனால் கேட்க நாதியில்லை.

அங்கே தனிநபர் வருமான வரி 2020-இல் வந்தது. மாதம் 60,000 ருஃபியாவுக்கு மேல் வாங்குகிறவருக்குத்தான் வரி. ஆசிரியர் சம்பளம் அதைத் தொடாது. ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியர் கணக்காக மாற்றச் சொல்லி உங்கள் வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பையனோ பெண்ணோ மாலத்தீவு போகிறது என்றதும் வீட்டுக் கடன், தங்கச்சி கல்யாணம், அப்பாவின் ஆபரேஷன் எல்லாவற்றையும் அந்தச் சம்பளத்தின் மேல் எழுதிவிடுகிறோம். வங்கிக் கணக்கும் வேலை அட்டையும் கைக்கு வரவே நாளாகும். வந்த பிறகும் வரம்புக்கு உட்பட்டுத்தான் பணம் வரும். முதல் மூன்று மாதம் அங்கிருந்து ஒரு ரூபாய்கூட எதிர்பார்க்காதீர்கள். முடிந்தால் நீங்கள் கொஞ்சம் கொடுத்து அனுப்புங்கள்.